களைக்கு வினிகர்: எதுக்குக் கேக்கும், எதுக்குக் கேக்காது?

சத்துவாச்சாரி வாசல்தோட்டம்:
வாசல்ல பதிச்ச கல் இடுக்குல, காம்பவுண்ட் ஓரத்துல களை. குழந்தைங்க விளையாடுற இடம், களைக்கொல்லி வேணாம். மளிகைக்கடை வினிகர் போதும்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. அடிச்சுப் பாத்தவங்க அளவோட போடுங்க. "சூப்பரா கேக்குது"ன்னு மட்டும் எழுதாதீங்க.

காட்பாடி செடிக்கிறுக்கன்:
முதல்ல பாட்டில் லேபிளைப் படிங்க. கடையில கிடைக்கிற வெள்ளை வினிகர் பெரும்பாலும் "செயற்கை வினிகர்"தான், அதுல அசிட்டிக் அமிலம் 4லிருந்து 5 சதம் இருக்கும். அதுவே கம்மி. அதுல பாதிக்குப் பாதி தண்ணி ஊத்திட்டு "கேக்கலை"ங்கறதுதான் பாதிப் பேரோட புகார். தண்ணி கலக்கவே கூடாது.

அமிலம் பட்ட இடத்துல இலையோட செல் சவ்வு கிழியும், உள்ள இருக்குற ஈரம் வெளிய கசிஞ்சு இலை காஞ்சு போகும். அவ்வளவுதான் அதோட வேலை. வேருக்கு இறங்காது. படாத இலை அப்படியே பச்சையா நிக்கும். அதனால மேலாகத் தெளிச்சா பத்தாது, இலையில இருந்து சொட்டுற அளவுக்கு நனையணும்.

1 லிட்டர் வினிகருக்கு பாத்திரம் கழுவுற திரவ சோப்பு 1 டீஸ்பூன், அதாவது 5 மி.லி. சோப்பு களையைக் கொல்லாது. மெழுகு இலையில துளி உருண்டு ஓடாம பரவறதுக்குத்தான். நுரை வந்தா நாசில் அடைக்கும், அதனால வினிகரை ஊத்திட்டு கடைசியில சோப்பைச் சேத்து மெதுவா அசைங்க. சுமாரா 100 சதுர அடிக்கு 1 லிட்டர் பிடிக்கும். ஒரு சென்ட் முழுக்க அடிக்கணும்னா 4 லிட்டருக்கு மேல. அப்போ பாட்டில் விலையைக் கூட்டிப் பாத்தா ஆள் கூலியே பரவாயில்லைன்னு தோணும்!

பனி ஈரம் காஞ்ச பிறகு, வெயில் ஏறுறப்ப அடிங்க. நம்ம ஊர் வெயில் இந்த ஒரு வேலைக்காவது உதவட்டும். சாயங்காலத்துக்குள்ள இலை தொங்கும், மறுநாள் பழுப்பாகும். அடிச்ச அன்னிக்கு மழை வந்தா கழுவிட்டுப் போயிடும், ஐப்பசி கார்த்திகையில வானத்தைப் பாத்துட்டு இறங்குங்க.

வயசுதான் முக்கியம். அமெரிக்க வேளாண்துறையோட பெல்ட்ஸ்வில் ஆய்வுல, 5, 10 சதக் கரைசல் முளைச்சு ரெண்டு வாரத்துக்குள்ள இருந்த களைகளைக் கொன்னுது. வயசான செடிக்கு அதைவிட காரமானது தேவைப்பட்டுது. இதுக்கு நாலு இலைப் பருவத்தைத் தாண்ட விடக்கூடாதுன்னு அர்த்தம்.

குடியாத்தம் கொல்லைக்காரர்:
மேலே சொன்னது சரி. ஆனால் எந்தக் களை என்று பார்க்காமல் பாட்டிலைத் தூக்கக் கூடாது. குப்பைமேனி, அம்மான் பச்சரிசி, சாரணை இவற்றின் நாற்றுகள் சுலபமாகக் கருகும். பருப்புக்கீரை கருகினாலும் சதைத்தண்டு ஈரம் வைத்திருந்து திரும்பத் துளிர்க்கும், பத்து நாள் கழித்து இன்னொரு முறை வேண்டும். அதைப் பறித்துக் குழம்பில் போடுவது உத்தமம். மூக்கிரட்டைக்கு முள்ளங்கி மாதிரி ஆணிவேர். மேலே எரித்தால் கீழிருந்து வரும்.

கோரைக்கும் அருகுக்கும் வினிகர் வீண்செலவு. கோரைச் செடியை மண்ணோடு தோண்டிப் பாருங்கள்: தாளுக்கு அடியில் ஒரு முடிச்சு, அதிலிருந்து கம்பி போல ஒரு வேர்த்தண்டு, அதன் நுனியில் கறுத்த கிழங்கு, அதிலிருந்து அடுத்த கம்பி, அடுத்த கிழங்கு. வினிகர் படுவது மேலே இருக்கும் தாளில் மட்டும். சில நாளில் நடுவிலிருந்து புதுக் குருத்து கூராக ஏறிவிடும். கோரைக்குக் கிழங்கோடு தோண்டி எடுப்பதைத் தவிர குறுக்குவழி இல்லை.

பாத்திகளுக்கு நடுவே நிலக்கடலைத் தொலியை நான்கு விரல்கடை உயரம் பரப்பினால் புது நாற்றே குறையும். நம் பக்கம் தொலிக்குப் பஞ்சமில்லை.

பாகாயம்:
வாசல்ல கடப்பா கல்லா? அப்போ அடிக்காதீங்க. அது சுண்ணாம்புக் கல் வகை, அமிலம் பட்டா பொங்கி, மெருகு போய் வெள்ளைத் திட்டு விழும், துடைச்சா போகாது. மொசைக்குக்கும் அதே கதி. கருங்கல்லுக்கு ஒண்ணும் ஆகாது. இரும்பு கேட்ல தெறிச்சா உடனே தண்ணி ஊத்துங்க.

சத்துவாச்சாரி வாசல்தோட்டம்:
கருங்கல்தான், தப்பிச்சோம். கல் உப்பு சேத்தா இன்னும் வேகமா காயும்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க. சரியா? கூடவே, காரமான ஆசிட் வாங்கிக் கலக்கலாமா?

ராணிப்பேட்டை ரசாயனம்:
உப்பு: பயிரில்லாத தரிசில், சாலையோரத்தில் பார்த்தீனியத்துக்கு லிட்டருக்கு 200 கிராம் உப்பு, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு அடிக்கச் சொல்லும் பழைய பரிந்துரை உண்டு. தோட்டத்துக்கு அது கூடாது. அசிட்டிக் அமிலத்தை மண் நுண்ணுயிர்கள் சீக்கிரம் தின்று தீர்த்துவிடும். உப்பின் சோடியம் போகாது, மண்ணை இறுக்கும். போர்த் தண்ணீரே உப்புக் கரிக்கும் வீடுகளில் கேட்கவே வேண்டாம். அக்காவிடம் பணிவாக மறுத்துவிடுங்கள்.

ஆசிட்: நம் பக்கம் தோல் பதனிடும் தொழிலுக்காகப் பலவித அமிலம் கேனில் புழங்குகிறது, ஃபார்மிக், கந்தக அமிலம் உட்பட. லேபிள் இல்லாத கேனை "வினிகர் ஆசிட்" என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். லேபிளோடு கிளேசியல் அசிட்டிக் கிடைத்தாலும் அது 99 சதத்துக்கு மேல். தோலைப் பொசுக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, அதன் ஆவி தீப்பற்றும். கணக்குப்படி 900 மி.லி. தண்ணீரில் 100 மி.லி. விட்டால் 10 சதம் வரும். தண்ணீரில்தான் அமிலத்தை விடவேண்டும், மாற்றி அல்ல. ரப்பர் கையுறை, கண்ணாடி கட்டாயம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த வேலையே வேண்டாம் என்பது என் கருத்து. கல் இடுக்குக்கு 5 சதமே போதும்.

கொசுவுக்காக ஓரத்தில் பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தால் அங்கே வினிகர் அடிக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைக்கும்.

அணைக்கட்டு கத்தரிப்பாத்தி:
வினிகருக்குக் களை எது கத்தரி எதுன்னு தெரியாது. 2023ல புவிசார் குறியீடு வாங்கின இலவம்பாடி முள்ளுக்கத்தரி வச்சிருக்கவங்க ரொம்ப கவனம். கத்தரி இலையில மயிர் அடர்த்தி, தூவானம் ஒட்டிக்கிட்டு பழுப்புப் புள்ளியா விழும். 2 லிட்டர் தண்ணி பாட்டிலோட அடியை வெட்டிட்டு, வாய்ப் பக்கத்தை நாசில்ல மாட்டுங்க. தொப்பி மாதிரி களை மேல கவுத்து அமுக்கி, உள்ளேயே அடிங்க. காத்து வீசினா அதுவும் வேணாம், துணியை நனைச்சு கையுறை போட்டு இலையைத் தடவி விடுங்க. முடிஞ்சதும் தெளிப்பானை ரெண்டு தரம் நல்ல தண்ணியில அலசுங்க, இல்லன்னா உள்ள இருக்குற ஸ்பிரிங் துருப்பிடிச்சு அடுத்த தடவை அழுத்தினா நிக்காது.