தேய்ந்த முழங்காலும் ஏழில் இரண்டும்

கோணமலையான்: "ஆய்வுகூடத்தில் குருத்தெலும்புக் கலங்களை (செல்களை) வளர்த்து வைத்தால் எந்த முழங்காலும் புதிதாகிவிடும்" என்று நேற்றுக் கரையோரன் எழுதியதை வாசித்து எரிச்சலில் தூக்கம் வரவில்லை. இந்தச் சிகிச்சை பற்றி 1994இல் சுவீடன் வைத்தியர்கள் வெளியிட்ட அறிக்கையை வாசித்தீரா? மொத்தம் 23 பேர். முழங்காற் சிரட்டையில் குருத்தெலும்பு பழுதான ஏழு பேரில் இரண்டு பேருக்குத்தான் நல்ல பலன். ஏழில் இரண்டு!

கரையோரன்: தொடை எலும்பு முனையில் செய்த 16 பேரில் 14 பேர் தேறினார்களே, அதை ஏன் விழுங்கிவிட்டீர்? குருத்தெலும்பில் இரத்தக்குழாய் இல்லை, தானாக ஆறாது. அதனால்தான் நோயாளியின் சொந்தக் கலங்களையே எடுத்து, சில வாரம் பெருக்கி, காயத்தில் வைக்கிறார்கள். கலங்களைக் கொலாஜன் என்ற புரதத்தாலான சவ்வில் பரப்பிப் பதிக்கும் முறைக்கு 2016இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. என் அம்மா கோணேசர் கோயில் ஏற்றத்தில் மூன்று இடத்தில் உட்கார்ந்துதான் ஏறுகிறார். நம்பிக்கையைக் கெடுக்காதீர்.

கோணமலையான்: அம்மாவுக்கு என்ன வயது? அந்த 23 பேரும் 14 முதல் 48 வயதுக்குட்பட்டவர்கள். ஓரிடத்தில் பெயர்ந்த குருத்தெலும்புக்கான சிகிச்சை இது. முதுமையில் மூட்டு முழுவதும் தேய்ந்தவருக்கு ஆசை காட்டுவது பாவம். சிரட்டைக்கோ ஏழில் இரண்டு.

உப்புவெளி மாமி: ஏகாம்பரம் மைதானத்தில் பந்தடித்து முழங்காலைக் கெடுத்துக்கொண்ட என் மகனுக்கு இது சரிவருமா?

மூதூரான்: சிரட்டை தடம் விலகி ஓடுவதையும் சேர்த்துத் திருத்தியபின் பலன் கூடியது, ஐயா. முதல் அறிக்கையோடு நின்றுவிடாதீர்கள்.

கோணமலையான்: முதல் அறிக்கையில் ஏழில் இரண்டா, இல்லையா? அதைச் சொல்லும்.

கரையோரன்: திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்தால் மூட்டுவலி தீரும் என்று போன மாதம் சண்டை பிடித்தவர் இவர். அங்கே ஏழு கிணறு, இங்கே ஏழில் இரண்டு! அந்த வெந்நீருக்கு எந்த அறிக்கை இருக்கிறது?

கோணமலையான்: வலி தணியும் என்றேன். தீரும் என்று எழுதவே இல்லை. தேடி எடுத்துக் காட்டும், மன்னிப்புக் கேட்கிறேன்.

கரையோரன்: அழித்துவிட்டுத் தேடச் சொல்கிறீர்.

மூதூரான்: கோணமலையான், ஏழு கிணறும் ஒரே சூடு என்றும் எழுதினீர்கள். ஒவ்வொன்றும் வேறு சூடு.

உப்புவெளி மாமி: மகனுக்கு 22 வயது. தொடை எலும்பு முனையில்தான் பழுது என்று ஸ்கேனில் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோணமலையான்: மூதூரான், சூட்டைப் பற்றி நான் பேசவே இல்லை. கரையோரன், சிரட்டைக்கு ஏழில் இரண்டு. இன்னும் பதில் வரவில்லை.