தினசரிக் கடமையும் விரதமும் மோதினால் எதை விடுவது?

வினவி:
குடும்பத்தில் இருப்பவருக்குக் காலையில் கிடைப்பதே அரைமணி நேரம். 48 நாள் விரதம் ஒன்றை ஏற்றால் அன்றாட வழிபாடு சுருங்குகிறது, வயதான பெற்றோரைக் கவனிப்பதும் தள்ளிப்போகிறது. "கடமையைச் செய், பலனை எதிர்பாராதே" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். இதில் கடமை எது? பேச்சு வழக்கில் தர்மம் என்றால் பிச்சை போடுவது என்றே ஆகிவிட்டதால் இன்னும் குழப்பம்.

ஏட்டுப்பூச்சி:
முதலில் தரம் பிரியுங்கள். நாள்தோறும் செய்தே ஆகவேண்டியது நித்தியம். திதி, கிரகணம் போல ஒரு காரணம் வரும்போது மட்டும் செய்வது நைமித்திகம். பலன் வேண்டி நாமே விரும்பி ஏற்பது காமியம். நீங்கள் சொல்லும் விரதம் மூன்றாவது வகை. அதை ஏற்காமல் இருந்தால் எந்தக் குற்றமும் இல்லை. நித்தியத்தையோ நைமித்திகத்தையோ விட்டால்தான் குற்றம்.

அந்த நித்தியம் எது என்பதற்கு மனு ஸ்மிருதி ஐந்து வேள்விகளைச் சொல்கிறது: ஓதுதல், தெய்வம், முன்னோர், பிற உயிர்கள், விருந்தினர். காரணமும் அங்கேயே உண்டு. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், தண்ணீர்க்குடம் இந்த ஐந்திலும் அறியாமலே சிற்றுயிர்கள் சாகின்றன. அதற்கு ஈடாகத்தான் இந்த ஐந்து.

பலரும் தவறுவது வரிசையில். பிற உயிருக்கும் விருந்துக்கும் உரிய பங்கை நாம் சாப்பிடும் முன்பே எடுத்து வைக்கவேண்டும். மிஞ்சியதைக் கொடுப்பது நல்ல காரியம்தான், ஆனால் வேள்விக் கணக்கில் சேராது. முன்னோருக்கான தர்ப்பணமோ, தந்தை உயிரோடு இருப்பவருக்குப் பொதுவாக இல்லை.

பெற்றோர் விஷயத்தில் மனுவின் 2-ஆம் அத்தியாயம் ஐயத்துக்கே இடம் வைக்கவில்லை. தாய், தந்தை, ஆசிரியர் மூவருக்கும் பணிவிடை செய்வதே மேலான தவம். அவர்கள் இசைவில்லாமல் வேறு தர்மம் எதையும் மேற்கொள்ளக் கூடாது. ஆக, அவர்களைத் தள்ளிவைத்துவிட்டு நடக்கும் விரதம் தொடக்கத்திலேயே கோணல்.

குறள்வாசி:
எல்லாவற்றுக்கும் மனுவிடம் போகவேண்டியதில்லை. வள்ளுவரும் ஐந்துதான் சொல்கிறார், ஆனால் பட்டியல் வேறு: "தென்புலத்தார் தெய்வம் விருந்தொக்கல் தான்" (குறள் 43), அதாவது முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றம், தான். ஓதுதலும் பிற உயிரும் இந்த ஐந்தில் இல்லை. சுற்றமும் "தானும்" இருக்கின்றன. தன்னைக் காத்துக்கொள்வதும் அறத்தில் ஒரு பங்கு! உடம்பை வருத்தி விரதம் இருந்து வேலையில் தூங்கி வழிபவர்கள் இந்த ஒரு சொல்லைக் கவனித்தால் போதும். அரசனுக்கு ஆறில் ஒரு பங்கு வரி என்றதே மற்ற ஐந்து பங்கும் இந்த ஐவருக்கு வேண்டும் என்பதால்தான் என்று பரிமேலழகர் கணக்குக் காட்டுகிறார்.

அரைமணி நேரம்கூட இல்லாதவருக்குத் திருமூலர் இன்னும் சிறிதாக வகுத்திருக்கிறார்: இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாயுறை (ஒரு வாய்ப் புல்), உண்ணும்போது பிறர்க்கு ஒரு கைப்பிடி, அதுவும் இயலாதா, ஓர் இன்சொல். "யாவர்க்குமாம்" என்ற சொல்லை நான்கு அடியிலும் வைத்திருக்கிறார், கவனியுங்கள்.

அப்புறம் அந்தக் கீதை வாசகம் (2:47). அது நான்கு துண்டு. செயலில் உனக்கு உரிமை, பலனில் இல்லை, பலனுக்காகச் செய்பவனாக இராதே, செயலற்று இருப்பதிலும் பற்று வைக்காதே. கடைசித் துண்டை யாரும் சொல்வதே இல்லை. பலனை எதிர்பாராதே என்பதை, கவனக்குறைவாகச் செய்தாலும் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்பவர்கள் அதிகம்.

வினவி:
நன்றி. விரதத்தைப் பாதி நேரத்தில் சுருக்கமாகச் செய்து இரண்டையும் சமாளிக்கலாமா?

ஏட்டுப்பூச்சி:
நீங்கள் சுருக்கப் பார்ப்பது தவறான பக்கத்தை. வேதச் சடங்கு விதிகளை ஆராயும் சாஸ்திரமான மீமாம்சையில் இதற்குத் தீர்ப்பே உண்டு. நித்தியத்தை இயன்ற அளவு செய்தால் போதும், அங்கம் (சடங்கின் துணைச் செயல்) சில குறைந்தாலும் நிறைவேறியதாகவே கொள்வார்கள். காமியம் அப்படியில்லை, சொன்ன அங்கங்கள் எல்லாம் இருந்தால்தான் பலன். எனவே யோசிப்பதைச் சங்கல்பத்துக்கு, அதாவது விரதம் ஏற்பதாக உறுதி சொல்வதற்கு, முன்பே யோசித்துவிடுங்கள். அன்றாட வழிபாடு பத்து நிமிடமாகக் குறையலாம், 48 நாளை அரைகுறையாக ஒப்பேற்ற முடியாது. முழுதாகச் செய்ய வசதி இல்லாத ஆண்டில் அதை ஏற்காமல் விடுவதுதான் சரி.