ஹைப்ரிட்காரர்களே, முதலில் இடப்பக்கத்துக்குப் பதில் சொல்லுங்கள்

ரெண்டாம்நம்பர்:
நேற்று இன்னொரு இழையில் ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார்: "ஹைப்ரிட் வந்த பிறகும் டிரைவிங் அயர்ன் வைத்திருப்பவர்கள் கோல்ஃப் பைக்கு அழகாக இருக்கட்டும் என்று வைத்திருக்கிறார்கள்." கோல்ஃபுக்குப் புதியவர்களுக்கு: டிரைவிங் அயர்ன் என்பது நீண்ட தூரம் அடிக்கும் இரும்பு கிளப்; ஹைப்ரிட் என்பது அயர்னையும், பெரிய தலை கொண்ட வுட்டையும் கலந்து செய்த கிளப். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஃபேர்வே (பந்து விழ வேண்டிய புல்பாதை) குறுகல், காற்று நேரெதிரே வீசுகிறது, டிரைவரை (அதிக தூரம் அடிக்கும் கிளப்) எடுத்தால் மரத்துக்குள் போய்விடும். அந்த இடத்தில் தாழக் கிளம்பி, விழுந்த பிறகும் உருண்டு ஓடுகிற பந்து வேண்டும். டிரைவிங் அயர்ன் அதைத் தரும். ஹைப்ரிட் என்ன தரும்? ஹூக். பந்து இடப்பக்கம் போகும். வேகமாக ஸ்விங் பண்ணுகிற யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். இதற்குப் பதில் சொல்லிவிட்டு அழகைப் பற்றிப் பேசுங்கள்.

ரஃப்_ராஜா:
அந்தப் புண்ணியவான் நான்தான் தல. சொன்னதுல ஒரு எழுத்தைக்கூட மாத்த மாட்டேன். உங்க டிரைவிங் அயர்ன் டீ (பந்தைத் தூக்கி வைக்கிற குச்சி) மேல உட்கார்ந்திருக்கிற பந்துக்குத்தான் லாயக்கு. கணுக்கால் உயரப் புல்லுக்குள்ள கிடக்கிற பந்தை அதால அடிச்சுப் பாருங்க. புல்லு ஹோசலை (தலையும் தண்டும் சேர்ற கழுத்து) சுத்திப் பிடிச்சு ஃபேஸை (பந்தை அடிக்கிற முகம்) உள்பக்கமா மூடிடும். அப்ப இடப்பக்கம் போறது யாரு கிளப்? ஹைப்ரிட்டுக்கு சோல் (அடிப்பாகம்) அகலம், தலை உருண்டை, புல்லைப் பிரிச்சுக்கிட்டுப் போயிடும். ஈர்ப்பு மையம் கீழயும் பின்னாடியும் இருக்கிறதால பந்து தன்னால எழும்பும்.

ரெண்டாம்நம்பர்:
ஈர்ப்பு மையம் பின்னால் இருக்கிறது என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள், நன்றி. வியாதியே அதுதான். மையம் ஃபேஸை விட்டு எவ்வளவு பின்னால் போகிறதோ அவ்வளவுக்கு கியர் எஃபெக்ட் (நடு தவறிப் பட்டால் தலை திரும்பி, பந்தைச் சுழல வைப்பது) கூடும். டோ பக்கம் (தலையின் நுனி) பட்டால் பந்து இடப்பக்கம் வளையும். அயர்னில் மையம் ஃபேஸை ஒட்டியே இருப்பதால் அந்த வளைவு மிகக் குறைவு. போதாததற்குப் பல ஹைப்ரிட்களில் ஆஃப்செட் (ஃபேஸ் தண்டுக்குச் சற்றுப் பின்னால் இருப்பது) வேறு, நிமிர்ந்த லை ஆங்கிள் (தண்டு தரையோடு செய்யும் கோணம்) வேறு. மூன்றும் சேர்ந்து ஒரே பக்கம் இழுக்கின்றன. புல்லுக் கதை வேண்டாம். நான் டீயிலிருந்து அடிப்பதைப் பேசுகிறேன்.

இடக்கை_ஆட்டம்:
இடப்பக்கம், இடப்பக்கம்னு எத்தனை தடவைங்க? நான் ஹூக் அடிச்சா பந்து வலப்பக்கம் போகும். ஹூக்னு எழுதினா எல்லாருக்கும் பொருந்துமே. எங்களையும் ஆட்டக்காரங்களா நினைச்சு எழுதுங்க.

ரெண்டாம்நம்பர்:
பெரும்பாலோர் வலக்கை ஆட்டக்காரர்கள். இடப்பக்கம் என்றுதான் எழுதுவேன்.

இடக்கை_ஆட்டம்:
இடக்கைக்காரங்களான மிக்கெல்சன், பப்பா வாட்சன் ரெண்டு பேரும் உங்க கணக்குல ஆட்டக்காரங்களே இல்ல போல. மிக்கெல்சனோட ஆறு மேஜரும் (நாலு பெரிய போட்டிகளுக்குப் பேரு மேஜர்), வாட்சனோட ரெண்டு மாஸ்டர்ஸும் சும்மா வந்துச்சா?

நாலாம்_ஹைப்ரிட்:
ஒரு கேள்வி. எந்த லாஃப்டை (ஃபேஸின் சாய்வுக் கோணம்) எந்த லாஃப்டோடு ஒப்பிடுகிறீர்கள்? 18 டிகிரி டிரைவிங் அயர்னையும் 22 டிகிரி ஹைப்ரிட்டையும் பக்கத்தில் வைத்துப் பேசினால் எது உயரப் போகும் என்பதில் விவாதமே இல்லை. ஷாஃப்ட் (தண்டு) நீளத்தையும் யாரும் சொல்லவில்லை. அதே நம்பர் அயர்னைவிட ஹைப்ரிட் ஷாஃப்ட் பொதுவாக அரை அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை நீளம். என்னைப் போல நிதானமாக ஸ்விங் பண்ணுகிற பெண்களுக்கு 18 டிகிரி அயர்னில் பந்து எழும்புவதே இல்லை. கேரி (பந்து காற்றில் பறக்கும் தூரம்) குறைந்துவிடுகிறது. இடப்பக்கம் போகிறதா என்று கவலைப்படுவதற்கு முன்னால் பந்து மேலே போக வேண்டுமே அண்ணா.

ரஃப்_ராஜா:
கியர் எஃபெக்ட்டைப் பாதி மட்டும் சொல்லிட்டு ஓடாதீங்க. ஹைப்ரிட் ஃபேஸ் லேசா குவிஞ்சிருக்கும். டோவுல பட்ட பந்து முதல்ல வலப்பக்கம் கிளம்பி, அப்புறம் வளைஞ்சு நடுவுக்குத் திரும்பும். தப்பைத் திருத்துறதுக்காகவே பண்ணின வேலை அது. உங்க அயர்ன் டோவுல பட்டா என்ன ஆகும்? வலப்பக்கமே போகும், தூரமும் செத்துடும், கையும் விண்ணுனு வலிக்கும். 2009 பிஜிஏ சாம்பியன்ஷிப், ஹேசல்டைன், கடைசிக் குழி. யாங் யோங் உன் 200 யார்டுக்கு மேல இருந்து ஹைப்ரிட்டால அடிச்சு, குழிப் பக்கத்துலேயே பந்தை நிறுத்தினார். எதிர்ல ஆடினது டைகர் உட்ஸ். மேஜர்ல மூணாவது நாள் முடிவுல முன்னணியில இருந்து அதுவரைக்கும் தோற்காத மனுஷன் அன்னைக்குத் தோத்தார். அந்தப் பந்து இடப்பக்கம் போச்சா?

ரெண்டாம்நம்பர்:
டைகர் பெயரை எடுத்தது நீங்கள். 2006 பிரிட்டிஷ் ஓபன், ஹாய்லேக் மைதானம். நான்கு சுற்றிலும் சேர்த்து டிரைவரை அவர் எடுத்தது ஒரே ஒரு முறை. டீயிலிருந்து 2 அயர்னால் அடித்து அடித்தே பங்கர்களுக்கு (மணல் குழிகள்) முன்னால் பந்தை நிறுத்தினார். 18 அண்டர் பார் (நிர்ணயித்த அடிக்கணக்கைவிட 18 குறைவு), இரண்டு ஸ்ட்ரோக்கில் வெற்றி. பையில் ஹைப்ரிட் இல்லாமல்தான் இதைச் செய்தார். நீங்கள் சொன்ன யாங் அடித்தது ஒரு அடி. நான் சொல்வது நான்கு நாள் ஆட்டம். இடப்பக்கத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

ரஃப்_ராஜா:
அந்த வருஷம் ஹாய்லேக் தரை காய்ஞ்சு பழுப்பா கிடந்துச்சு. அயர்ன்ல அடிச்சாலே பந்து ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஈரமான தரையில அதே வேலையை உங்க 2 அயர்ன் செய்யுமா? ஓபன்தான் வேணும்னா 2004 ட்ரூன் எடுத்துக்குங்க. டாட் ஹாமில்டன் எர்னி எல்ஸை பிளேஆஃப்ல (சமன் ஆனதால கூடுதலா ஆடினது) ஜெயிச்சது ஹைப்ரிட்டால. காய்ஞ்ச லிங்க்ஸ் (கடலோர) மைதானம், உங்க ஆளுங்க கோட்டை.

ரெண்டாம்நம்பர்:
ஹாமில்டன் அடித்தது சிப்! கிரீனுக்கு (குழி இருக்கும் குட்டைப் புல்தரை) முன்னாலிருந்து பந்தை உருட்டிவிட்டார். அதற்கும் முழு ஸ்விங்குக்கும் என்ன சம்பந்தம்? சிப்பில் எந்த கிளப்பும் ஹூக் ஆகாது. புட்டர் (கிரீனில் பந்தை உருட்டும் கிளப்) இழையிலும் இப்படித்தான் செய்தீர்கள். மேலெட்டைப் (பெரிய தலைப் புட்டர்) பற்றி ஒரு கேள்வி கேட்டேன், கிரீன் வேகத்துக்குத் தாவிவிட்டீர்கள். அந்தக் கேள்வியும் இன்னும் அங்கேயே கிடக்கிறது.

ரஃப்_ராஜா:
புட்டர் இழையில என்னைப் பொய்யன்னு எழுதினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். அதை நான் மறக்கல. மன்னிப்பும் இன்னும் வரல. ஓபனை ஜெயிக்கிற அடியா இருந்தா அது சிப்பா இருந்தாலும் அடிதான்.

பழைய_பை:
தம்பிகளா, ஒன்றைச் சொல்லட்டுமா? 1950 யு.எஸ். ஓபன், மெரியான், கடைசிக் குழியில் பென் ஹோகன் அடித்தது 1 அயர்ன். 1972 பெபிள் பீச் 17ஆம் குழியில் நிக்லாஸ் 1 அயர்னால் அடித்த பந்து கொடிக்கம்பத்திலேயே பட்டது. அவை கெட்டி இரும்பை அடித்துச் செய்த மெல்லிய கத்திகள். இன்று டிரைவிங் அயர்ன் என்று விற்பதில் பலவற்றை அறுத்துப் பார்த்தால் உள்ளே வெற்றுக் கூடு. மெல்லிய ஃபேஸ், அடியில் டங்ஸ்டன் எடை. ஹைப்ரிட்டின் பாதி வேலையை அதற்குள் வைத்துத்தான் விற்கிறார்கள். சண்டையே பங்காளிகளுக்குள்தான்.

ரெண்டாம்நம்பர்:
ஐயா, மன்னிக்க வேண்டும், பாதி ஹைப்ரிட் என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. கூடு இருந்தாலும் மையம் ஹைப்ரிட் அளவுக்குப் பின்னால் போகவில்லை. அதனால்தான் தாழப் போகிறது, இடப்பக்கம் போவதில்லை.

ரஃப்_ராஜா:
ஐயா சொன்னது நூத்துக்கு நூறு. அப்ப ரெண்டாம்நம்பர் இத்தனை நாளா பாதி ஹைப்ரிட்டைப் பையில வெச்சுக்கிட்டுத்தான் ஹைப்ரிட்டைத் திட்டியிருக்கார்.

பழைய_பை:
நான் உங்கள் பக்கமும் பேசவில்லை தம்பி. என் பையில் இரண்டுமே கிடையாது, 5 வுட் இருக்கிறது.

நாலாம்_ஹைப்ரிட்:
லாஃப்ட் எவ்வளவு என்று கேட்டிருந்தேன்.

ரெண்டாம்நம்பர்:
லாஃப்ட் எதுவாக இருந்தால் என்ன சகோதரி? 16 ஆனாலும் 22 ஆனாலும் ஹைப்ரிட் இடப்பக்கம்தான் போகும். வேகமாக அடிக்கிறவர்கள் கனமான, விறைப்பான ஷாஃப்ட்டை ஹைப்ரிட்டில் ஏன் மாட்டுகிறார்கள்? ஃபேஸ் சீக்கிரம் மூடக்கூடாது என்பதற்காகத்தானே? மருந்து சாப்பிடுகிறவனுக்கு நோய் இல்லை என்கிறீர்கள். எதிர்காற்றில் இன்னும் மோசம். ஸ்பின் கூடி, பந்து மேலே ஏறி அங்கேயே நின்றுவிடும்.

நாலாம்_ஹைப்ரிட்:
ஷாஃப்ட் மாற்றினால் சரியாகிவிடும் என்றால் அது ஷாஃப்ட்டின் குறை. ஹைப்ரிட்டின் குறை எப்படி ஆகும்? லாஃப்ட் எதுவானால் என்ன என்று ஒரு கோல்ஃப் ஆட்டக்காரர் எழுதுவதை இப்போதுதான் பார்க்கிறேன்.

இடக்கை_ஆட்டம்:
திரும்பவும் இடப்பக்கம். வேணும்னே எழுதுறார். இதை நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

ரெண்டாம்நம்பர்:
வேண்டுமென்றேதான். ஆயிரம் பேர் வந்தாலும் இடப்பக்கம்.

ரஃப்_ராஜா:
சரி, காத்தை விடுங்க. நீளமான பார் 3 (மூணு அடியில முடிக்க வேண்டிய குழி), கிரீனுக்கு முன்னாடி பங்கர், கிரீன் கெட்டி. உங்க தாழப் போற பந்து பங்கரைத் தாண்டி விழும், அப்புறம் எங்க நிக்கும்? கிரீனுக்குப் பின்னாடி ரஃப்ல (உயரப் புல்லுல). அங்க இருந்து எடுக்கவும் உங்க டிரைவிங் அயர்னாலதான் அடிப்பீங்களா?

ரெண்டாம்நம்பர்:
அது டீயிலிருந்து அடிக்கும் பார் 3. ஐந்தாம் நம்பர் அயர்ன் வைத்திருப்பவனுக்கு அங்கே ஹைப்ரிட்டே வேண்டாம்.

ரஃப்_ராஜா:
நீளமான பார் 3னு எழுதினேன். முதல்ல படிங்க.