"மிஸ், தோல் கலர் குடுங்க": பாலர் வகுப்பு அனுபவங்கள்

நாலு வயதுப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு சின்னக் கண்ணாடி கொடுத்து, அவரவர் முகத்தைப் பார்த்து வரையச் சொன்னேன். மூக்கை அமுக்கினார்கள், நாக்கை நீட்டினார்கள், புருவத்தைத் தடவினார்கள். ஒருத்தி மட்டும் கிரேயான் டப்பாவைக் கிளறிக்கொண்டே இருந்தாள். "மிஸ், தோல் கலர் குடுங்க." அவள் தேடியது வெளிர் இளஞ்சிவப்பு. பிள்ளையோ நல்ல கறுப்பு.

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பேரை அவளுக்குப் பழக்கியது பெரியவர்கள் நாம்தானே. கிரேயான் செய்யும் க்ரேயோலா நிறுவனமே தன் 'ஃப்ளெஷ்' (சதை நிறம்) கிரேயானுக்கு 1962-இல் 'பீச்' என்று பழத்தின் பேரை மாற்றி வைத்துவிட்டது. நம் வாயில்தான் இன்னும் மாறவில்லை.

மறுநாள் பழுப்பு, மஞ்சள், சிவப்பு, வெள்ளை, கறுப்பு பெயிண்ட் வைத்தேன். கலந்து புறங்கையில் ஒரு பொட்டு வைக்க வேண்டும். பொட்டு எது, கை எது என்று தெரியாவிட்டால் அதுதான் உன் நிறம். ஏழெட்டு முறை கலந்தாள். "மிஸ், காணாமப் போச்சு!" என்று அவள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. பக்கத்துப் பையன், "இவ ஏன் கறுப்பா இருக்கா?" என்றான். அதட்டவில்லை. "எல்லாருக்கும் தோல்ல நிறம் குடுக்கற மெலனின்னு ஒண்ணு இருக்கு. அவளுக்கு நிறைய, உனக்குக் கொஞ்சம்" என்றேன். இருவரும் கையை ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

*

எங்கள் வகுப்பில் உரித்து வைத்தாற்போல் இரட்டையர். யார் பேரைக் கூப்பிட்டாலும் இருவரும் திரும்புவார்கள். கட்டைவிரலை மையில் ஒற்றித் தாளில் பதித்து, பூதக்கண்ணாடி கொடுத்தோம். இருவருக்கும் நடுவில் சுழிதான். ஆனால் கோடுகள் பிரியும் இடம் வேறு. ரேகை கருவிலேயே ஆளுக்கு ஒரு விதமாக அமைந்துவிடுகிறது, இரட்டையர் ஆனாலும். "இது என் விரல்" என்று தம்பி அந்தத் தாளை மத்தியானம் வரை கீழே வைக்கவில்லை.

*

நான் செய்த தப்பையும் சொல்கிறேன். 'கண்ணாடி போட்டவங்க வட்டத்துக்குள்ள வாங்க' என்று விளையாட்டு வைத்தேன். வந்தது ஒரே பிள்ளை. தலை குனிந்து நின்றாள். எனக்கு மனசே ஆறவில்லை. அன்றிலிருந்து இரண்டு மூன்று பேருக்காவது பொருந்துவதை மட்டும்தான் அழைக்கிறேன்: தம்பி உள்ளவர்கள், இருட்டுக்குப் பயப்படுகிறவர்கள். தன்னிடம் மட்டும் இருப்பதைக் காட்டுவதா வேண்டாமா என்பது பிள்ளையின் விருப்பம். காதுகேட்கும் கருவி மாட்டிய ஒரு பையன் மூன்று வாரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் அவனாகவே அதைத் தொட்டுக் காட்டி, "மெதுவா பேசினாலும் எனக்குக் கேக்கும்" என்றான். அன்று முழுக்க எல்லோரும் அவனிடம் ரகசியம் பேசினார்கள்.