திரையில் வட்டார முத்திரை: பட்டியலுக்கு ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம்.

நம் திரைக் கலைச்சொல் பட்டியலில், ஓர் ஊராரையோ சமூகத்தாரையோ எப்போதும் ஒரே அச்சில் காட்டும் ‘ஸ்டீரியோடைப்’ என்பதற்கு இதுவரை வார்ப்புரு, வகைமாதிரி, படிவார்ப்பு என்று மூன்று சொற்கள் வந்துள்ளன. அது அச்சுக்கூடத்துச் சொல், வார்த்தெடுத்த உலோகத் தகட்டைக் குறித்தது, 1922-இல் அமெரிக்க இதழாளர் வால்டர் லிப்மன் அதை மனப்பதிவுகளுக்குப் பொருத்தினார் என்பதெல்லாம் சரி. அதற்காக அச்சுக்கூடத்தைத் தமிழுக்கும் தூக்கி வர வேண்டுமா? வார்ப்புருவைத் தமிழ் விக்கிப்பீடியா ஏற்கெனவே ‘டெம்ப்ளேட்’டுக்கு எடுத்துக்கொண்டுவிட்டது, மாணவர்கள் குழம்புவார்கள். வகைமாதிரியில் யாரும் யாருக்கும் எதுவும் செய்ததாகவே தெரியவில்லை.

எனக்கு நெருடுவது அதுதான். மதுரை என்றால் அரிவாள், கோவை என்றால் ‘ஏனுங்க’, வடசென்னை என்றால் அடியாள். இவை தானாக வருவதில்லை; ஒருவர் எழுதுகிறார், இன்னொருவர் நடிக்க வைக்கிறார். இதற்கு நாம் அன்றாடம் சொல்வது ‘முத்திரை குத்துவது’. ‘அவனை ரவுடின்னு முத்திரை குத்திட்டாங்க’ என்று கோலாலம்பூர் செந்தூல் சாப்பாட்டுக்கடையில்கூடக் காதில் விழும். ஆகவே என் பரிந்துரை: வட்டார முத்திரை.

ஈப்போ ஐயா சொன்ன ‘ஊர்முத்திரை’ சுருக்கமாக அழகாக இருக்கிறது. ஆனால் மலேசியாவில் நம் பெரியவர்களுக்கு ‘ஊர்’ என்றால் இன்றும் தமிழ்நாடுதான். ‘ஊருக்குப் போயிருக்காரு’ என்றால் விமானம் ஏறிவிட்டார் என்று பொருள். இங்கே அந்தச் சொல் தடுக்கும்.

‘திணைமுத்திரை’யும் வந்தது. தொல்காப்பியம் நிலத்துக்கு நிலம் தெய்வம், உணவு, பறை, தொழில் என்று கருப்பொருள் வகுத்தது உண்மை. அதே நூல் திணை மயங்கலாம் என்றும் விட்டுவைக்கிறது: நிலங்கள் ஒன்றோடொன்று மயங்கா, உணர்வுகள் மயங்கலாம். குறிஞ்சி நிலத்திலும் ஒருத்தி நெய்தலுக்குரிய இரங்கலோடு நிற்கலாம். திரையில் முத்திரை குத்தப்பட்டவருக்கு அந்த இடமே கொடுப்பதில்லை. நேர்மாறான ஒன்றுக்குத் திணையின் பெயரை வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

இனி நம் மீது குத்தப்படுவதைப் பார்ப்போம். தமிழ்நாட்டுப் படம் கோலாலம்பூருக்கு வந்தால் முதலில் இரட்டைக் கோபுரம், அடுத்துக் குண்டர் கும்பல். மலேசியப் பேச்சு என்று காட்ட வாக்கியத்துக்கு வாக்கியம், மலாய்ப் பேச்சில் கடைசியில் ஒட்டும் ஒரு ‘லா’. காலையில் பிரிக்ஃபீல்ட்ஸ் கடை வரிசையில் நின்று கேளுங்கள். ‘பசியாறிட்டீங்களா அண்ணே?’ என்று விசாரிப்பார்கள். கடைக்கு முன்னால் இருக்கும் நடைபாதை அஞ்சடி, அதைத் தாண்டினால் வரும் சாலை சடக்கு. தோட்டத்துக் கதை எடுத்தால் ரப்பர் அல்ல, கித்தா. இத்தனையும் இருக்க, திரைக்குப் போய்ச் சேருவது அந்த ஒற்றை ‘லா’தான். எனக்கு இது மிகவும் வலிக்கிறது.

ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். குண்டர் கும்பலைக் காட்டுவதே முத்திரை ஆகிவிடாது. 2015-இல் வெளிவந்த சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ படத்திலும் கும்பல் உண்டு. ஆனால் அங்கே 90-களின் தொடக்கம் இருக்கிறது, தோட்டத்தை விட்டு வந்து ஒதுக்குப்புறத்தில் ஒண்டிய குடும்பம் இருக்கிறது, அப்போய் என்ற 12 வயதுப் பையன் அப்பாவிடம் அடி வாங்குவதும் அவன் கண் சித்தப்பாமார் பக்கம் திரும்புவதும் இருக்கின்றன. ஏன் இப்படி ஆகிறான் என்பது நமக்குப் புரிகிறது. 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானதும் அதுதான். காரணத்தை வெட்டிவிட்டு, விளைவை மட்டும் ஓர் இடத்துப் பெயரோடு ஒட்டினால்தான் அது முத்திரை. பட்டியலில் விளக்கமாக இதையே போடலாம்.

நாமும் குத்தியிருக்கிறோம். 1968-இல் வந்த இந்திப் படம் ‘படோசன்’. அதில் மெஹ்மூத் நடித்த தென்னிந்தியப் பாட்டு வாத்தியாரைப் பார்த்தால் நமக்குக் கோபம் வருகிறது. நம் படங்களின் வட்டிக்கடை சேட்டும் டீக்கடை நாயரும் வேறென்ன? எடுத்துக்காட்டுகளில் இரண்டு பக்கமும் வர வேண்டும்.

— கோலாலம்பூரிலிருந்து

* * *

அண்ணனுக்கு வணக்கம்.

முத்திரை நல்ல சொல். ஆனால் ‘முத்திரை பதித்தார்’ என்றால் பாராட்டு, ‘முத்திரை குத்தினார்’ என்றால் பழி. வெறுமனே ‘வட்டார முத்திரை’ என்று போட்டால், ‘இந்தப் படத்தில் வட்டார முத்திரை நன்றாக இருக்கிறது’ என்று ஒரு மாணவி எழுதிவிடுவாள், அது மண்வாசனையைப் பாராட்டுவதாகத்தான் படிக்கப்படும். குத்தலைச் சேர்த்தே வையுங்கள்.

இன்னொன்று. எங்கள் பினாங்கில் இடத்தையும் சமூகத்தையும் பிரிக்க முடியாது. இந்திய முஸ்லிம் பாத்திரம் என்றால் நாசி கண்டார் (சோறும் கறிவகைகளும்) விற்கும் கடை, தோளில் துண்டு, சிரிப்பு மூட்டும் மலாய், அவ்வளவுதான். 1801-இல் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை நிறுவிய சமூகம் இது. கப்பலோட்டிய வணிகரையோ இன்றைய வழக்கறிஞரையோ திரையில் தேட வேண்டியிருக்கிறது. ‘வட்டார’ என்ற ஒரே அடைமொழி இதற்குப் போதாது.

— பினாங்கிலிருந்து

* * *

தங்கைக்கு நன்றி. அப்படியானால் முதன்மைச் சொல் ‘முத்திரை குத்தல்’ என்றே இருக்கட்டும். அதன் கீழ் வட்டார முத்திரை குத்தல், சமூக முத்திரை குத்தல் என்று இரண்டு உட்பதிவுகள், ஒன்றிலிருந்து மற்றதைப் பார்க்கச் சொல்லும் குறிப்போடு. நாசி கண்டார் எடுத்துக்காட்டை இரண்டிலும் போடுவோம். ‘முத்திரைப் பாத்திரம்’ வேண்டாம், ‘முத்திரை குத்திய பாத்திரம்’ போதும். மண்வாசனைக்குத் தனிப் பதிவு வேண்டும், அதன் விளக்கத்தை நீங்களே எழுதுங்கள். ஈப்போ ஐயாவுக்கு ‘ஊர்’ பற்றி மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லட்டும், அப்புறம் பட்டியல் மெய்ப்புக்குப் போகிறது.