மறு: ‘மெம்பிரேன் காண்டாக்ட் சைட்’ – சவ்வுச்சந்து எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

செல்லுக்குள் இரு நுண்ணுறுப்புகளின் சவ்வுகள் மிக நெருங்கி நிற்கும் இடமே ‘மெம்பிரேன் காண்டாக்ட் சைட்’. அதற்குத் தமிழ்ச்சொல்லாக ஐயா நேற்று முன்வைத்த ‘சவ்வுத் தொடுபுள்ளி’யை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. எடுத்துக்காட்டாக, புரதமும் கொழுப்பும் உருவாகும் எண்டோபிளாச வலையும் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் அங்கே நெருங்கி நிற்கின்றன, ஒட்டிக்கொள்வதில்லை. இரு சவ்வுகளுக்கும் நடுவே ஏறத்தாழ 10 முதல் 30 நானோமீட்டர் இடைவெளி இருக்கிறது. சவ்வுகள் கலந்துவிட்டால் இரண்டும் தனித்தனி நுண்ணுறுப்புகளாக நீடிக்க முடியாது. ‘தொடு’ என்று எழுதினால் மாணவர் மனத்தில் தவறான படமே பதியும். ‘புள்ளி’யும் பொருந்தாது, அது ஒரு பரப்பு.

அந்த இடைவெளி எதற்கு என்று பாருங்கள். வலையிலிருந்து, பொருள்களைப் பிரித்து அனுப்பும் கோல்கை உடலத்துக்குப் புரதமும் கொழுப்பும் நுண்பைகளில் ஏறிப் போகின்றன. மைட்டோகாண்ட்ரியா அந்தத் தடத்தில் இல்லை. அதற்கு வேண்டிய கொழுப்பு இந்த இடுக்கில்தான் கைமாறுகிறது. பாஸ்படிடைல்செரின் என்ற கொழுப்பு வலையிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகிறது. அங்கே பாஸ்படிடைல்எத்தனாலமைன் என்ற வேறொரு கொழுப்பாக மாறி, ஒரு பகுதி வலைக்கே திரும்புகிறது. கால்சியம் அயனிகளும் இங்கே கடக்கின்றன.

திருவல்லிக்கேணியில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஆள் நுழைய முடியாத ஒரு சந்து இருந்தது. அம்மா படியிறங்கித் தெருவைச் சுற்ற மாட்டார். மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிக் கறிவேப்பிலைக் கொத்தை நீட்டுவார். எதிர்ச் சுவரிலிருந்து ஒரு கை வாங்கிக்கொள்ளும். மறுநாள் அது துவையலாகி ஒரு கிண்ணத்தில் திரும்பி வரும். பாஸ்படிடைல்செரினின் பயணத்தை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிண்ணம்தான் கண்முன் நிற்கிறது.

ஆகவே ‘சவ்வுச்சந்து’ என்று பரிந்துரைக்கிறேன். சந்து என்றால் இடுக்கு. உடலின் மூட்டையும் சந்து என்கிறோம். விலகி நிற்பதையும் இணைந்திருப்பதையும் ஒரே சொல் சுமக்கிறது. தெருவில் புழங்கும் சொல் என்று தள்ளிவிடாதீர்கள். ‘சந்திப்பு’ வேண்டாம், செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலான இணைப்புகளோடு குழம்பும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “சவ்வுச்சந்துகளில் கொழுப்பு மூலக்கூறுகளைப் புரதங்கள் கடத்துகின்றன.” எனக்கு உறுத்தவில்லை.

இரு சவ்வுகளையும் விலகாமல் பிடித்து வைக்கும் ‘டெதர்’ புரதங்களுக்கும் சொல் வேண்டும். மாட்டைக் கட்டும் கயிறு என்பதுதான் அந்த ஆங்கிலச் சொல்லின் முதற்பொருள். அந்தக் கயிற்றுக்கு நம்மிடம் ‘தும்பு’ என்ற சொல் இருக்கிறது. ‘தும்புப் புரதம்’ என்றால் உங்கள் காதுக்கு எப்படிப்படுகிறது?

அன்புடன்,
சென்னையிலிருந்து ஓர் உயிரியல் ஆசிரியை