முன்பக்கத்தில் மரமஞ்சள், பின்பக்கத்தில் சி.ஐ. 19140

கல்லடியிலிருந்து:

சென்ற வருடம் மாமாங்கேஸ்வரர் ஆலயத் தீர்த்தத்துக்கு முந்திய வாரம், நகரத்துக் கடையொன்றில் மரமஞ்சள் கிறீம் ஒன்றை வாங்கினேன். பெட்டியின் முன்பக்கத்தில் வெட்டிய மரமஞ்சள் தண்டின் படமும், அதன் கீழே 'மரமஞ்சளின் முழுச் சக்தி' என்ற பொன்னிற எழுத்துகளும் இருந்தன. கிறீமும் கண்ணுக்கு இதமான மஞ்சள் நிறத்தில்தான் இருந்தது. தடிமன் பிடித்தால் கொத்தமல்லியோடு மரமஞ்சளை அவித்துக் கொடுத்தே பிள்ளைகளை வளர்த்த என் மாமி, மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, "மரமஞ்சள் இப்பிடி மணக்காது மகள், இது ஊதுபத்தி மணம்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன்.

எழுத்து எறும்பளவு இருந்ததால், கைப்பேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கித்தான் வாசிக்க முடிந்தது. சேர்மானங்களை எழுதுவதற்கு உலகின் பெரும்பாலான நாடுகளில் ஒரே ஒழுங்குதான் பின்பற்றப்படுகிறது: எது அதிகமோ அது முதலில் வரும், அளவு குறையக் குறையப் பெயர் பின்னால் போகும், 1 வீதத்துக்குக் குறைந்தவற்றை மட்டும் தயாரிப்பாளர் தாம் விரும்பிய வரிசையில் எழுதிக்கொள்ளலாம். நிறமூட்டிகள் கடைசியில் 'சி.ஐ.' என்ற எழுத்துகளோடும் ஓர் எண்ணோடும் வரும். என்னுடைய கிறீமில் முதலில் நீர், அடுத்துக் கனிய எண்ணெய், பிறகு கிளிசரின், மெழுகுத் தன்மையுள்ள மதுசாரம் என்று பட்டியல் நீண்டு, இடையில் பீனொக்சியெதனோல் என்ற பழுதடையாமல் காக்கும் பொருள் வந்தது. மரமஞ்சளின் தாவரவியற் பெயரான 'கொஸ்சினியம் பெனெஸ்ட்ரேட்டம்' அதற்கும் நான்கு பெயர்கள் கீழே, வாசனைப் பொருளுக்கும் பின்னால் ஒதுங்கி நின்றது.

பீனொக்சியெதனோலை நான் ஒரு எல்லைக்கல்லாக வைத்துக்கொள்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி அதை 1 வீதத்துக்கு மேல் சேர்க்க முடியாது. மற்ற நாடுகளின் தயாரிப்பாளர்களும் பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டுவதில்லை. ஆகவே, கடைசியில் வரும் நிறமூட்டிகளைத் தவிர, அதற்குக் கீழே எழுதப்பட்ட எதுவும் 1 வீதத்துக்கு மேல் இருக்க வாய்ப்பில்லை. அதற்கு மேலே எழுதப்பட்டதெல்லாம் தாராளமாக இருக்கிறது என்று இதைத் திருப்பிப் பொருள்கொள்ளக் கூடாது, ஏனெனில் 1 வீதத்துக்குக் கீழான பகுதி அதற்கு முன்னரே தொடங்கியிருக்கலாம். 'சாறு' என்று எழுதப்படுவதும் பெரும்பாலும் நீரிலோ கிளிசரினிலோ கரைத்த சாறே என்பதால், தண்டிலிருந்து வந்த பொருள் அதிலும் குறைவாகவே இருக்கும். அப்படியானால் அந்த மஞ்சள் நிறம் எங்கிருந்து வந்தது? பட்டியலின் கடைசி வரியில் சி.ஐ. 19140 இருந்தது. அது டார்ட்ராசின், இனிப்புப் பண்டங்களின் உறைகளில் இ 102 என்று நாம் காணும் அதே சாயம்.

பட்டியலின் அடியில் இருப்பதெல்லாம் ஏமாற்று என்று சொல்வதும் நியாயமாகாது. சுருக்கங்களுக்கான ரெற்றினோல், ஈரப்பதம் காக்கும் சோடியம் ஹயலுரோனேற் போன்றவை மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்பவை. அவை கீழே இருப்பது இயல்பு. ஆனால் வைட்டமின் பி3 வகையான நியாசினமைட் அப்படியல்ல. முகத்தின் கரும்புள்ளிகளுக்கு அது பயன் தந்ததாகச் சொல்லும் ஆய்வுகளில் பெரும்பாலும் 2 முதல் 5 வீதம் வரை பயன்படுத்தியிருக்கிறார்கள். முன்பக்கத்தில் அதன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டுப் பின்பக்கத்தில் பீனொக்சியெதனோலுக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தால், அந்தக் கிறீமை வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

அக்கரைப்பற்றிலிருந்து:

மேலே எழுதிய சகோதரி பட்டியலை வாசித்துப் பொய்யைக் கண்டுபிடித்திருக்கிறார். எங்கள் வீட்டுக்கு வந்த கிறீமில் வாசிப்பதற்குப் பட்டியலே இருக்கவில்லை.

வளைகுடா நாடொன்றில் நான்கு வருடங்கள் வேலை செய்துவிட்டு வந்த என் சாச்சி, பெட்டி நிறைய வெளுப்பூட்டும் கிறீம், ஆளுக்கொரு டப்பா கொண்டுவந்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய வெள்ளை டப்பாக்கள். மூடியில் ஒரு பெண்ணின் முகமும் முத்தும் இருந்தன. வைட்டமின்கள் சேர்ந்தது என்ற ஒரு வரியைத் தவிரச் சேர்மானம் எதுவும் இல்லை. இறக்குமதியாளரின் பெயரோ அதிகூடிய சில்லறை விலையோ இல்லை. உள்ளே நான்காக மடித்த ஒரு துண்டுக் காகிதம் மட்டும் இருந்தது. இரவில் மட்டும் பூச வேண்டும், வெயிலில் போகக் கூடாது, தங்கமும் வெள்ளியும் கிறீமில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அந்த மூன்றாவது வரியை நாங்கள் எல்லோரும் வாசித்தோம். நல்ல அறிவுரை என்று எண்ணி மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பூசினோம்.

திருமணம் நிச்சயமாகியிருந்த என் தங்கைக்கு இரண்டு வாரத்தில் முகம் வெளுத்தது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே மகிழ்ச்சி. மூன்றாவது மாதம் கன்னங்களில் மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரிய ஆரம்பித்தன. வெயில் பட்டால் எரிந்தது. பயந்து கிறீமை நிறுத்திய ஒரு வாரத்துக்குள் முகம் முழுவதும் சிவந்து பருக்களாக வெடித்தது. மீண்டும் பூசினால் அடங்கியது, நிறுத்தினால் திரும்பவும் வந்தது. தோல் வைத்திய நிபுணர் டப்பாவைக் கையில் எடுத்து, "மோதிரம் படக் கூடாதெண்டு ஏதும் எழுதியிருந்ததா?" என்றுதான் முதலில் கேட்டார்.

அவர் விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிறுத்தியதும் வெடித்துக் கிளம்புவது, சேர்மானத்தில் எழுதாமல் கலக்கப்பட்ட ஸ்டீரொயிட் என்ற, அழற்சியைத் தணிக்கும் மருந்தின் குணம். குளோபெற்றாசோல், பீற்றாமெதசோன் போன்றவை தோலை மெலிதாக்கி இரத்த நரம்புகளை வெளியே காட்டிவிடும். தங்கம் பற்றிய எச்சரிக்கையோ பாதரசத்தைச் சந்தேகிக்க வைக்கும் அடையாளம், ஏனெனில் பாதரசம் தங்கத்தோடும் வெள்ளியோடும் சேர்ந்து அவற்றைக் கெடுத்துவிடும். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதை அது தடுப்பதால்தான் முகம் வெளுக்கிறது. அதே பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைத் தாக்கும். தங்கைக்கு அன்றே சிறுநீர்ப் பரிசோதனை எழுதித் தந்தார். புரதம் போகவில்லை என்ற முடிவு கையில் கிடைக்கும்வரை உம்மா சரியாகச் சாப்பிடவே இல்லை.

பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை 2013 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2017 இல் நடைமுறைக்கு வந்தது. அழகுசாதனங்களுக்கு அது முதலில் வைத்த எல்லை 1 பிபிஎம், அதாவது ஒரு கிலோ கிறீமில் ஒரு மில்லிகிராம். ஆனால் பல நாடுகளில் பிடிபட்ட வெளுப்பூட்டும் கிறீம்களில் ஆயிரக்கணக்கான பிபிஎம் இருந்திருக்கிறது. இதை வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை, ஆய்வுகூடத்தில்தான் முடியும். சில டப்பாக்களில் 'கலோமல்', 'மெர்க்கியூரிக்', 'மெர்க்கியூரியோ' என்று பாதரசத்தின் பெயர் வேறு உருவத்தில் எழுதப்பட்டிருக்கும் என்று கேள்விப்பட்டபின், வீட்டில் மிச்சமிருந்த டப்பாக்களைத் தேடிப் பார்த்தேன். எதிலும் எந்தப் பெயரும் இல்லை. அந்தக் கிறீமில் பிழை என்பதைச் சாச்சி இன்றுவரை நம்பவில்லை என்பது வேறு கதை. அங்கே எல்லோரும் பூசுகிறார்களாம்.

கல்முனையிலிருந்து:

என்னுடையது சிறிய விடயம். கற்றாழை ஜெல் ஒன்றின் முன்பக்கத்தில் '99 வீதம் கற்றாழை' என்றிருந்தது. பின்பக்கத்தில் முதற்பெயர் நீர். பிறகு அதைக் கெட்டியாக்கும் கார்போமர். அதற்கும் பின்னர்தான் கற்றாழைச் சாற்றின் தூள். விசாரித்தபோது விடை கிடைத்தது. 200 மடங்கு செறிவாக உலர்த்திய தூளில் ஒரு பங்கை 199 பங்கு நீரில் கரைத்தால், அது கணக்கில் முழுச் சாறு ஆகிவிடுகிறது. கணக்குப் பிழையில்லை. ஆனாலும் பால்மாவைக் கரைத்துப் பசும்பால் என்று ஊற்றித் தந்தால் நாம் வாங்குவோமா? வேலியோரத்துக் கற்றாழை மடலை வெட்டிப் பார்த்தேன்: தோலை ஒட்டி மஞ்சளாகக் கசியும் பால், அதற்குள் கண்ணாடி போன்ற நிறமற்ற சோறு. போத்தலில் இருந்த பச்சை நிறத்தைச் சி.ஐ. 42090 நீலமும் சி.ஐ. 19140 மஞ்சளும் சேர்ந்து தந்திருந்தன.

மீண்டும் கல்லடியிலிருந்து:

அக்கரைப்பற்றுச் சகோதரியின் அனுபவத்தை வாசித்தபின் என்னுடைய முறையின் குறை எனக்கு விளங்குகிறது. பட்டியல் மிகைப்படுத்தலைக் காட்டிக்கொடுக்கும். எழுதாமல் மறைத்ததை அது எப்படிக் காட்டும்? பட்டியலே இல்லாத டப்பாவை இப்போது நான் கையில்கூட எடுப்பதில்லை.

ஒருவர் வெயில் கிறீம்களைப் பற்றிக் கேட்டிருந்தார். வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்று காட்டும் எஸ்.பி.எஃப். எண்ணைப் பட்டியலிலிருந்து கணக்கிட முடியாது. அது மனிதத் தோலில் சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசி அளக்கப்படுவது. ஆயினும் சாத்தியமே இல்லாத எண்ணைக் கண்டுகொள்ளலாம். என் மகன் வாங்கிவந்த கிறீமில் 'எஸ்.பி.எஃப். 30' என்றிருந்தது, பின்பக்கத்தில் ஒரேயொரு வெயில் வடிகட்டி, எதைல்ஹெக்சைல் மெதொக்சிசின்னமேற், அதுவும் பீனொக்சியெதனோலுக்குக் கீழே. 1 வீதத்துக்கு மிஞ்சாத அந்த ஒன்று மட்டும் 30 ஐத் தரவே முடியாது. நுகர்வோர் விவகார அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு செய்யலாம் என்று பற்றுச்சீட்டைத் தேடினேன்; மகன் அதைக் கசக்கிக் கடைவாசலிலேயே போட்டுவிட்டு வந்திருந்தான். இப்போது அலுமாரியின் மேல் ஒரு சப்பாத்துப் பெட்டி இருக்கிறது. வாங்கும் ஒவ்வொன்றின் வெற்றுப் பெட்டியும் பற்றுச்சீட்டும் அதற்குள் போகின்றன.